பிடிமண் படம்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு உருண்டைகளைக் கொடுத்தேன். ஒன்று அவிசாவளைக் கடையில் வாங்கிய பச்சை நிறக் கிளே. மற்றது ஒட்டுப்பால் உருண்டை. பால் வெட்டிய மரத்தின் காயத்தில் மறுநாள் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்குமே, அதை உரித்துச் சுற்றிச் சுற்றிச் செய்வது. இறப்பர் தோட்டத்தில் அதைச் செய்யத் தெரியாத பிள்ளை கிடையாது.

"ரெண்டையும் பெருவிரலால அமுக்கிப் பாருங்க" என்றேன். கிளேயில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, கைரேகையோடு. ஒட்டுப்பாலும் அமுங்கத்தான் செய்தது. விரலை எடுத்ததும் பழையபடி உருண்டையாகிவிட்டது.

இதைச் செய்யச் சொன்னதற்குக் காரணம் முதல் நாள் வந்த ஒரு கேள்வி. பிள்ளை ஒருத்தி வீட்டுப் போனில் 'கோரலைன்' படம் பார்த்திருக்கிறாள். "அது கிளேமேஷன் படமாம் டீச்சர். ஆனா கிளே மாதிரி தெரியலையே, எல்லாம் துணி மாதிரியும் றப்பர் மாதிரியும் இருக்கு" என்றாள். அவள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 2009இல் வந்த அந்தப் படத்தின் பொம்மைகளில் கிளே கிடையாது. உடம்புக்கு இறப்பரும் சிலிக்கனும்; முகங்களைக் கணினியில் வரைந்து அச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்து மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். படம் பார்த்தவர்கள் வாயில் மட்டும் 'கிளேமேஷன்' ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். அம்மா இருபத்தெட்டு வருடம் பால் வெட்டியவர். களிமண்ணும் இறப்பர் பாலும் இரண்டுமே நான் கை வைத்து வளர்ந்த பொருள்கள். அதனால்தானோ என்னவோ, இந்த ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வகுப்பில் சொன்னதையும் அதன்பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெரிய வட்டம். ஒரு பொருளை வைத்துப் படம் எடுக்கிறோம். கமராவை நிறுத்திவிட்டு, பொருளைக் கொஞ்சம் நகர்த்தி, இன்னொரு படம். மறுபடி நகர்த்தி, மறுபடி படம். எல்லாவற்றையும் வரிசையாக வேகமாக ஓட்டினால் அந்தப் பொருள் தானாக அசைவது போலத் தெரியும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. ஒரே நிலையை இரண்டு முறை எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 12 தடவை பொருளை நகர்த்த வேண்டும். இந்த வேலை முழுவதற்கும் பொதுப் பெயர் ஸ்டாப் மோஷன். பொம்மையை வைத்துச் செய்தாலும், வெட்டிய கடதாசியை வைத்துச் செய்தாலும், தீப்பெட்டியை வைத்துச் செய்தாலும் ஸ்டாப் மோஷன்தான்.

அந்தப் பெரிய வட்டத்துக்குள் ஒரு சின்ன வட்டம் கிளேமேஷன். 'கிளே', 'அனிமேஷன்' இரண்டையும் சேர்த்து ஒட்டிய சொல். ஒட்டியவர் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் இருந்த வில் வின்டன். கட்டடக்கலை படித்தவர். பொப் கார்டினர் என்ற சிற்பியோடு சேர்ந்து தன் வீட்டு நிலவறையில் எட்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். குடித்த மனிதர் ஒருவர், பூட்டிக் கிடக்க வேண்டிய கலைக்கூடம் ஒன்றுக்குள் தடுமாறி நுழைகிறார். அங்குள்ள ஓவியங்களும் சிற்பங்களும் உயிர் பெறுகின்றன. 'குளோஸ்ட் மண்டேஸ்' என்ற அந்தப் படத்துக்கு 1975இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. பிறகு தங்கள் வேலைமுறையை விளக்கி 1978இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதன் தலைப்புத்தான் 'கிளேமேஷன்'. சொல்லைத் தன் வணிகச் சின்னமாகவும் பதிந்து வைத்தார். அதாவது அது முதலில் ஒரு கடையின் பெயர்ப்பலகை மாதிரி. அவருடைய ஸ்டூடியோவில் செய்த படத்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். வேறு யாரும் செய்தால் கிளே அனிமேஷன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நடந்தது வேறு. தலைவலிக்கு எந்தக் கம்பனி மாத்திரை வாங்கினாலும் நாங்கள் 'பனடோல்' என்கிறோம் இல்லையா? அதே மாதிரி யார் செய்தாலும் கிளேமேஷன் ஆகிவிட்டது. அது பரவாயில்லை. சொல் ஒருவர் கையை விட்டு ஊர்ப் பொதுவானால் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த படி போய், கிளே இல்லாத படங்களையும் அதற்குள் இழுத்துப் போட்டதில்தான் பிழை. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வில் வின்டனின் ஸ்டூடியோ கைமாறி 2005இல் 'லைக்கா' என்ற பெயரில் மறுபடி எழுந்தது. 'கோரலைன்' எடுத்தது அந்த லைக்காதான். சொல் பிறந்த வீட்டிலேயே களி போய் இறப்பரும் சிலிக்கனும் வந்துவிட்டன. பெயர் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

அந்தக் களியின் கதையையும் சொல்ல வேண்டும். படத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் மண்ணே இல்லை. இங்கிலாந்தில் பாத் நகரத்துப் பக்கம் வில்லியம் ஹார்பட் என்று ஒரு சித்திர ஆசிரியர் இருந்தார். சிற்பம் பழகும் மாணவர்களின் களிமண் பாதி வேலையிலேயே காய்ந்து வெடித்துப் போவதைப் பார்த்துப் பார்த்து, காயாத களி ஒன்றை 1897 அளவில் செய்தார். சுண்ணாம்புச் சத்துள்ள தூள், பெற்றோலியத்தில் இருந்து வரும் வாசலின் போன்ற பசை, மெழுகுத் தன்மையுள்ள கொழுப்பமிலம் எல்லாம் சேர்ந்தது. தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாததால் காயாது. அதற்கு அவர் வைத்த பெயர் பிளாஸ்டிசின். 1900இல் பாத்துக்குப் பக்கத்தில் பாத்தாம்ப்டன் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். அதுவும் ஒரு கம்பனிப் பெயர்தான். அதுவும் பொதுச் சொல்லாகிவிட்டது. மாணவர்களின் காய்ந்த மண்ணைப் பார்த்து மனம் நொந்த ஓர் ஆசிரியரிடமிருந்து இந்தப் பொருள் வந்தது என்று படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இனி ஒட்டுப்பாலுக்கு வருகிறேன். பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்டது இந்த இடத்தில்தான்.

1933இல் வந்த 'கிங் கொங்' படத்தின் பெரிய குரங்கு உண்மையில் ஒரு முழ உயரப் பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே இறப்பர், அதற்கும் மேலே முயல் தோல். எலும்புக்கூடு ஒன்று கதாநாயகனாக வரும் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' என்ற 1993ஆம் ஆண்டுப் படத்தின் பொம்மைகளுக்கு நுரை இறப்பரில் உடம்பு. கிளேமேஷன் என்று எல்லோரும் பிழையாகச் சொல்லும் படங்களில் அதற்குத்தான் முதலிடம். நுரை இறப்பர் எப்படிச் செய்வார்கள்? மரத்துப் பாலை எடுத்து, சவர்க்காரத் தன்மையுள்ள மருந்து சேர்த்து, முட்டை அடிப்பது போல நுரைக்க நுரைக்க அடிப்பார்கள். உறைய வைக்கும் மருந்து ஒன்றைக் கலப்பார்கள். எலும்புக்கூட்டை வைத்த அச்சுக்குள் ஊற்றி, போறணையில் வேக வைப்பார்கள். எடுத்தால் பஞ்சு மாதிரி மெத்தென்ற தோல். வளைக்கலாம், விட்டால் பழைய நிலைக்கு வரும்.

எங்கள் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நடப்பதன் ஒன்றுவிட்ட அண்ணன் இந்த வேலை. இங்கே நுரைக்க விடமாட்டார்கள்; நுரையை வழித்து எடுத்துவிட்டு, அசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகை அறையில் தொங்க விடுவார்கள். 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் இருந்து கன்றுகள் வந்து கம்பஹா பக்கத்து ஹெனரத்கொடையில் நட்டார்கள். அங்கிருந்து பரவி, இலங்கையில் இறப்பர் கூடுதலாக நிற்கும் மாவட்டங்களில் ஒன்றாகக் கேகாலை ஆனது. எந்தத் தோட்டத்துப் பால் எந்தப் பொம்மைக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பொருள் இதுதான். உலகமே மண் படம் என்று சொல்லும் அந்தப் படங்கள் உண்மையில் பால் படங்கள். சிரட்டையில் சொட்டுகிற இந்தப் பால்.

"அப்ப எங்கம்மா வெட்டுறதுதானா டீச்சர் அந்த எலும்புக்கூட்டு மாமா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த வகை என்றேன்.

உருண்டைச் சோதனை இதற்குத்தான். அமுக்கினால் திரும்பி வருவது இறப்பர்ப் பொம்மைக்கு நல்லது. ஆயிரம் தடவை கையைத் தூக்கி இறக்கினாலும் அதே கை. களி திரும்பி வராது. ஒவ்வொரு படத்துக்கும் தொட வேண்டும். தொட்ட இடமெல்லாம் மாறும். மூக்கைச் சரிசெய்யப் போனால் கன்னம் அமுங்கும். காலையில் தொடங்கிய முகம் மாலையில் அதே முகமாக இருக்காது. களிப்படத்தை ஓட்டிப் பார்க்கும்போது தோல் துடிப்பது போல ஒரு சலனம் தெரிகிறதே, அது செய்தவரின் விரல். 1972இல் பீட்டர் லோர்டும் டேவிட் ஸ்ப்ரொக்ஸ்டனும் தொடங்கிய, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் உள்ள ஆர்ட்மன் ஸ்டூடியோவின் வாலஸ், குரோமிட் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாயின் நெற்றியில் கைரேகை இருக்கும். குரோமிட் வாய் திறந்து பேசாது. அந்த நெற்றிக் களியை ஒரு நெல் அளவு மேலே கீழே தள்ளி, கோபம், கவலை, சலிப்பு எல்லாவற்றையும் அதைப் படைத்த நிக் பார்க் காட்டிவிடுகிறார்.

இன்னொன்றும் களியால் மட்டும் முடியும். ஓர் உருவம் கரைந்து வேறோர் உருவமாக எழும்புவது. செக் நாட்டு யான் ஷ்வாங்க்மையர் 1982இல் எடுத்த ஒரு குறும்படத்தில் பொருள்களால் ஆன தலைகள் ஒன்றையொன்று தின்று, அரைத்து, கடைசியில் களித் தலைகளாகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கதில்லை. நான் தனியாகப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அமெரிக்காவின் ஜோன் கிராட்ஸ் களியை எண்ணெயில் குழைத்துத் தட்டையான பலகையில் ஓவியமாகவே பூசி, பூசியதை விரலால் மாற்றி மாற்றிப் படமாக்கினார். 1992இல் வந்த அவருடைய 'மோனா லிசா டிசெண்டிங் எ ஸ்டெயர்கேஸ்' படத்தில் புகழ்பெற்ற ஓர் ஓவியம் இன்னோர் ஓவியமாக வழிந்து ஓடும். இறப்பர்ப் பொம்மையால் இதெல்லாம் ஆகாது.

கலந்து செய்வதும் உண்டு. பெரிய படங்களில் முகமும் கையும் களியாக இருக்கும், உடுப்பு மூடிய உடம்பு சிலிக்கனாக இருக்கும். அதைக் கிளேமேஷன் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. நடிக்கிற இடம் களியாக இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கலையை முதலில் கண்டது விளம்பரத்தில்தான். தமிழ்நாட்டு டீவி டிஷ் வழியாகத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்த காலத்தில் அமரோன் பட்டரி விளம்பரம் போகும். களியால் செய்த மனிதர்கள், களி வாகனங்கள். நாடகம் பார்க்க உட்கார்ந்த நான் அந்த விளம்பரத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். மும்பாயில் சுரேஷ் எரியாட் குழுவினர் செய்தது அது என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அவரே பின்னர் 'டோக்ரி' என்ற குறும்படத்தைப் பல ஆண்டுகள் செலவிட்டு எடுத்தார். கூடை விற்கப் போகும் ஒரு சிறுமியின் கதை. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தின் தொடக்கத்தில் ஓடும் களிக் காட்சிகள் திமந்த் வியாஸ் செய்தவை. அவர் ஆர்ட்மனின் 'ஷோன் த ஷீப்' தொடரிலும் வேலை செய்தவர். எழுத்து பிடிபடாத ஒரு பையனைப் பற்றிய படத்துக்குக் களியால் முகப்பு வைத்தது யாருடைய யோசனையோ தெரியாது. எழுத்து வராத பிள்ளைகள் களியில் எவ்வளவு பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் வகுப்பில் கொப்பியில் ஒரு வரி எழுதாத பையன், களியைக் கொடுத்தால் கொழுந்து நிறுக்கும் தராசை முள்ளோடு செய்து வைத்துவிடுவான்.

தமிழில் இதற்கு என்ன பெயர்? அனிமேஷனுக்கு 'அசைவூட்டம்' என்ற சொல் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய சொல். அந்தக் கணக்கில் 'களிமண் அசைவூட்டம்' என்று சொல்லலாம், எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். பிழை இல்லை. ஆனால் வாயில் வரும்போது அது பாடப்புத்தகச் சொல்லாகவே நிற்கிறது. கையின் வேலை அதில் தெரியவில்லை. களியைத் தமிழில் நாங்கள் 'செய்வது' இல்லை, 'பிடிப்பது'. பிள்ளையார் பிடிக்கிறோம், கொழுக்கட்டை பிடிக்கிறோம். உள்ளங்கையும் ஐந்து விரலும் ஒரு சேர மூடி உருவம் எடுப்பதற்கு அதைவிட நல்ல சொல் கிடையாது.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பாயியோடு வளரும் ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப பிடிமண் படம்னு சொல்லலாமே டீச்சர்" என்றாள்.

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. பிடிமண் என்பது சாதாரணச் சொல் இல்லை. ஊரை விட்டு வேறு இடம் போகிறவர்கள் குலசாமி கோயிலில் இருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், போன இடத்தில் அதை வைத்துச் சாமியை நிலைநிறுத்துவார்கள். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் ஐயனாருக்கு மண்குதிரை செய்யும்முன் ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண் கைமாறிய பிறகுதான் குதிரை வேலை தொடங்கும். எங்கள் தோட்டத்து மாரியம்மனும் அப்படிக் கொண்டுவந்த பிடிமண்ணில் நிற்பவள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அதற்குள் உயிரைக் கூப்பிடுவது. அனிமேஷன் என்ற சொல்லின் வேரான லத்தீன் 'அனிமா'வுக்கும் உயிர், மூச்சு என்றுதான் பொருள். அந்தப் பிள்ளைக்கு லத்தீன் தெரியாது, அப்பாயியைத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அது பிடிமண் படம்தான்.

பேர் வைத்துவிட்டால் போதுமா, எடுக்க வேண்டாமா என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது பேர். கதை அவர்களே சொன்னது: விடியற்காலையில் ஓர் அம்மா மலை ஏறுகிறார், மரத்தில் பால் வெட்டுகிறார், பால் சிரட்டையில் சொட்டுகிறது, ஒட்டுப்பாலில் ஒரு பந்து உருளுகிறது, அந்தப் பந்து துள்ளிக்கொண்டே லயத்துக்குப் போய்ப் பிள்ளையின் கையில் விழுகிறது. அவ்வளவுதான்.

கடைக் கிளே பெட்டி சின்னது, விலை பெரியது. அதனால் முதலில் ஓடைக்கரை மண்ணில் தொடங்கினோம். மண் எடுக்கப் போனபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சரிவைக் காட்டினேன். அங்கே நல்ல வழுவழுப்பான மண். பெரிய பையன் ஒருவன் வேண்டாம் என்றான். "அந்தப் பக்க மண்ணத் தொட வேணாம் டீச்சர்." 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்ததும், அதே நாளில் புலத்கொஹுபிட்டியவில் தோட்ட லயத்தின் மேல் மண் விழுந்ததும் இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. அப்போது அவன் சின்னக் குழந்தை. வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறான். நாங்கள் ஓடைக்கே போனோம்.

கல் பொறுக்கி, ஊற வைத்து, பிசைந்து, உள்ளே கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்து அம்மாவைப் பிடித்தோம். மறுநாள் வந்து பார்த்தால் தோள்பட்டையில் இருந்து முழங்கை வரை வெடிப்பு. கம்பி சுருங்காது, மண் சுருங்கும். நடுவில் கிழியாமல் என்ன செய்யும்? கண்டி வீதியில் மொலகொடவில் சட்டி பானை செய்பவர் ஒருவரிடம் போகிற வழியில் கேட்டேன். மணல் கலக்கச் சொன்னார், நிழலில் மெதுவாகக் காய வைக்கச் சொன்னார். அவர் சொன்னது குயவருக்குச் சரி. அவருடைய மண் காய வேண்டும், சூளைக்குப் போக வேண்டும். எங்கள் மண் காயவே கூடாது. ஹார்பட்டின் தவிப்பு அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. கடைசியில் மலை, லயம், மரம் எல்லாம் ஓடை மண்ணில். அசைகிற உருவங்கள் மட்டும் கடைக் கிளேயில் என்று முடிவு செய்தோம். மரத்தில் கோடு போடும் இடத்திலும் கிளேயை அப்பிக்கொண்டோம்.

உருவம் நிற்பது அடுத்த பாடு. 1950களில் அமெரிக்க டீவியில் வந்த ஆர்ட் குளோக்கியின் 'கம்பி' (Gumby) என்ற பச்சை நிறக் களிப் பையனுக்குக் காலின் அடி மணி மாதிரி விரிந்திருக்கும். அழகுக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை, விழாமல் நிற்பதற்கும்தான். எங்கள் அம்மாவுக்குச் சேலையை நிலம் தொட விரித்துவிட்டோம். ஏறும்போது மட்டும் அடியில் குண்டூசி.

என் போனைக் கதிரையில் கட்டி வைத்து, 'ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ' என்ற செயலியில் எடுத்தோம். முன்பு எடுத்த படத்தை அது மங்கலாகத் திரையில் காட்டும். அதன் மேல் இப்போதைய நிலையை வைத்து எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். விநாடிக்கு 10 படம் என்று வைத்தோம். முதல் நாள் எடுத்ததை ஓட்டினால் வெளிச்சம் மினுக் மினுக் என்று அடித்தது. யன்னலைப் பலகையால் மூடினோம், டோர்ச் விளக்கு வைத்தோம், போனின் வெளிச்ச அளவைப் பூட்டினோம். அப்படியும் போகவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது: பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை. குனிந்து உருவத்தைத் தொட்டுவிட்டு ஒருவர் தள்ளி நிற்கிறார், இன்னொருவர் கிட்ட நிற்கிறார். ஒவ்வொரு படத்திலும் வெள்ளைச் சட்டையில் பட்ட வெளிச்சம் வெவ்வேறு அளவில் மரத்தின் மேல் விழுகிறது. என் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து, அதற்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொண்டு எடுத்தோம்.

பந்து துள்ளும் காட்சிக்குத்தான் கூடுதல் நாள் போனது. களி துள்ளாது. துள்ளுகிற மாதிரி காட்ட வேண்டும். ஒரு பிள்ளை உண்மையான ஒட்டுப்பால் பந்தை நிலத்தில் அடிப்பாள், மற்றவர்கள் தரையோடு தலை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணால் பார்த்தது போதாமல் போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். தரையில் படும் கணத்தில் பந்து தட்டையாகிறது. உச்சிக்குப் போனதும் கொஞ்சம் தயங்கி நின்று இறங்குகிறது. அதன்படி களி உருண்டையை ஒவ்வொரு படத்துக்கும் அமுக்கி, மறுபடி உருட்டி, மேலே ஏறும்போது சற்று நீட்டி, நூலில் தொங்கவிட்டு எடுத்தோம். இறப்பர் தானாகச் செய்வதைக் களிக்கு விரலால் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த உருண்டையை அன்றைக்கு எத்தனை விரல் தொட்டிருக்கும்! படத்தில் பாருங்கள், பந்தின் மேல் ரேகைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மொத்தம் 420 படம், 42 விநாடி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு 14 நாள். மழையில் 2 நாள் கரண்ட் இல்லை.

கோயில் மண்டபச் சுவரில் வெள்ளைச் சேலை கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் காட்டினோம். 42 விநாடிப் படத்தை எட்டுத் தடவை ஓட்டச் சொன்னார்கள். என் அம்மாவும் வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் பால் வெட்டும் இடத்தில் முன்னால் சாய்ந்து பார்த்தார். முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்புடி பாட்டி?"

"நல்லா இருக்கு சாமி. ஆனா வெட்டு பிழை."

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இடப் பக்கம் மேல, வலப் பக்கம் கீழ. அப்புடித்தான் கோடு இறங்கணும். நீங்க மாத்திப் போட்டிருக்கீங்க. இப்புடி வெட்டுனா பால் கொறஞ்சு போகும்." எழுந்து போய்ச் சேலைத் திரையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். "ஒரு தடவைக்கு நகத்துக் கனம்தான் சீவணும். ஆழமா போனா மரம் காயம்படும். நாளைக்கு விட்டு நாளன்னைக்கு அதுக்குக் கீழ இன்னொரு நகம். அப்புடியே கோடு எறங்கி எறங்கி வரும்."

பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாகக் கோடு சரிந்தால் கூடுதல் குழல்கள் வெட்டுப்படும். புத்தகத்தில் அப்படி இருக்கிறது. அம்மா அதைக் கையால் அறிந்தவர். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ, ஒன்று விட்டு ஒரு நாள், இருபத்தெட்டு வருடம். நாங்கள் 14 நாள் செய்த வேலையை அவர் மரத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறார் என்று நான் அந்த நேரம் நினைத்தேன். சொல்லவில்லை.

பிள்ளைகள் அடுத்த நாளே பெட்டியைத் திறந்தார்கள். மரத்தில் அப்பியிருந்த கிளேயைப் பெருவிரலால் தேய்த்துப் பிழையான கோட்டை மூடினார்கள். கத்தி பிடித்த கையை மறுபுறம் திருப்பினார்கள். அம்மா பக்கத்தில் ஒரு வாங்கில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் சாய்ச்சு, ம், அப்புடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 60 படம் புதிதாக எடுத்தோம், 6 விநாடி.

புதிய கோட்டில் பால் இறங்கும்போது உற்றுப் பார்த்தால், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பழைய கோடு மெல்லிய தழும்பாகத் தெரியும். தேய்த்து மூடிய பிள்ளையின் ரேகை அதன் மேல் இருக்கிறது. அழிக்கவா டீச்சர் என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.